சவலைப் பிள்ளையின் வைத்தியர்

தமிழிலே 'சவலை' என்றொரு சொல் உண்டு. அடுத்த பிள்ளை வயிற்றில் வந்தமையால் தாய்ப்பாலை இழந்து, மெலிந்து, எந்நேரமும் சிணுங்கித் திரியும் குழந்தையைச் 'சவலைப்பிள்ளை' என்பது நம்மவர் வழக்கு. ஏட்டிற் பயின்றதிலும் பார்க்க, வீடுகளிலே பெண்கள் நாவிற் பயின்ற சொல் இது எனலாம். நோய் யாது, அது எவரைப் பற்றும், எதனால் வந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் இவ்வொரு சொல்லே விடையாய் நிற்கின்றது.

மேற்காபிரிக்காவிலே, இன்று கானா எனப்படும் நாட்டின் கரையோரத்தில் வாழும் கா மக்களின் மொழியிலும் இதற்கு நேரான ஒரு சொல் உண்டு. அது 'குவாசியோர்க்கர்' என்பது. அடுத்த குழந்தை பிறக்க, தன் இடத்தை இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. தமிழ்ச் சொல் தமிழரோடு நின்றுவிட்டது. கா மொழிச் சொல்லோ இன்று உலகத்து வைத்திய நூல்களிலெல்லாம் இடம் பெற்றுள்ளது. அதனை அந்நூல்களில் ஏற்றிவைத்தவர் யமேக்காத் தீவிற் பிறந்த குழந்தை வைத்தியரான சிசிலி டெல்ஃபீன் வில்லியம்ஸ் அம்மையார். வறிய நாடொன்றிலே குழந்தையைக் காப்பதற்கு முதற்கண் வேண்டுவது யாது? இவ்வினாவுக்கு அவருடைய வாழ்க்கையும், அவர் பிறந்த தீவில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளும் தரும் விடையை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரிபியக் கடலிலுள்ள யமேக்கா பரப்பில் நம் இலங்கையின் ஆறிலொரு பங்கே ஆகும். 1655ஆம் ஆண்டு முதல் 1962ஆம் ஆண்டு வரை அது ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தது. அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு மேற்காபிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழிவந்தோரே இன்று அத்தீவின் குடிகளுட் பெரும்பாலார். 1838இல் அடிமைத்தளை முற்றாக நீங்கியபோதும் வறுமைத்தளை நீங்கவில்லை. நிலம் தோட்டக்காரர் கையிலும், உழைப்பு உழவர் கையிலும் இருந்தன. வில்லியம்ஸ் அம்மையார் தோட்டக்காரர் குடும்பத்தவர். 1893ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 2ஆந் திகதி தீவின் மேற்குப் பகுதியிலுள்ள கியூ பார்க் என்னும் இடத்தில் அவர் பிறந்தார். தந்தையார் தீவின் கல்விப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர்.

பதின்மூன்று வயதில் அவர் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஒக்ஸ்போர்டிலே பெண்களுக்கெனவிருந்த சோமர்வில் கல்லூரியில் இடங் கிடைத்தும், இயற்கை இடர்களால் அல்லலுற்ற பெற்றோருக்குத் துணையாகத் தீவுக்குத் திரும்பி, தந்தையார் காலமாகும் வரை அங்கேயே தங்கினார். பின்னர் ஒக்ஸ்போர்டிற் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆண்கள் போர்க்களஞ் சென்றமையால் வைத்தியக் கல்வியின் கதவு பெண்களுக்குச் சிறிது திறந்தது. அவ்வழியே அவர் நுழைந்தார். ஆனால், 1923இல் அவர் வைத்தியராக வெளிவந்த வேளையில் போர் முடிந்து ஆண்கள் மீண்டிருந்தனர். திறந்த கதவு மறுபடி மூடத் தொடங்கியிருந்தது. லண்டன் மாநகரிற் குழந்தைகள் வைத்தியசாலையிற் பணியாற்றிய நாட்களிலே, பிள்ளை வாழும் வீட்டை அறியாத வைத்தியர் அப்பிள்ளையின் நோயையும் முற்றாக அறியார் என்னும் உண்மை அவர் மனத்திற் பதிந்தது.

அயனமண்டல வைத்தியத்திற் பயிற்சி பெற்று, 1929இல் அவர் குடியேற்ற நாட்டுச் சேவையிற் சேர்ந்து, அந்நாளிற் கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட கானாவுக்குச் சென்றார். அவருடைய பதவியின் பெயரே 'பெண் வைத்திய உத்தியோகத்தர்' என்பது. வேலை ஆண் வைத்தியருடையது. வேதனம் அதனிற் குறைந்தது. குழந்தைகளும் தாய்மாரும் பெண் வைத்தியருக்கே உரியர் என்று கருதி அப்பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தாழ்வாக எண்ணிக் கொடுத்த அந்தப் பணியே அவரை உலகறியச் செய்தது.

அக்கிரா நகரிலுள்ள குழந்தைகள் வைத்தியசாலையில் நாள்தோறும் ஒரே வகைப் பிள்ளைகள் வந்துகொண்டிருப்பதை அவர் கண்டார். அவர்களின் வயது ஒன்று முதல் நான்கு வரை. கைகால்களில் வீக்கம், வயிறு பொருமியிருக்கும், கரிய மயிர் செம்பட்டையாய் வெளிறும், தோல் கறுத்து வெடித்துப் பூச்சு உரிந்தாற்போல உரியும், முகத்திற் சிரிப்பிராது. பார்வைக்குக் கொழுத்த பிள்ளை போலத் தோன்றும். உண்மையில் உடல் உருகிக்கொண்டிருக்கும். இத்தகைய பிள்ளைகளுட் பலர் இறந்தனர். இது பிறவிக் கிரந்தி என்பார் சிலர். குடற்புழு என்பார் சிலர். சோளம் உண்போருக்கு வரும் பெலாகிரா என்பார் வேறு சிலர். அம்மையார் தாமே பிரேத பரிசோதனை செய்து பார்த்தார். நூல்களிற் கூறிய எந்த நோயோடும் இது பொருந்தவில்லை.

நூல்கள் கைவிட்ட இடத்தில் அவர் தாதிமாரையும் தாய்மாரையும் கேட்டார். அவர்கள் தந்த விடையே 'குவாசியோர்க்கர்' என்னுஞ் சொல். அச்சொல்லின் பொருளை ஆராய்ந்தபோது நோயின் வரலாறு தானே வெளிப்பட்டது. மூத்த பிள்ளை முலைப்பாலை இழக்கின்றது. அதன் பின் அதற்குக் கிடைப்பது சோளமாக் கூழ் ஒன்றே. இறைச்சியோ முட்டையோ பாலோ இல்லை. ஆகவே நோயின் வேர் உணவில் இருந்தது. பால் முதலியவற்றைச் சேர்த்து ஊட்டியபோது பிள்ளைகள் தேறினர். 1933இல் இலண்டன் குழந்தை வைத்திய சஞ்சிகையொன்றில் இதனை எழுதினார். பெலாகிராவில் வல்லுநரான ஸ்ரானஸ் என்பார் இது தாம் முன்பே அறிந்த நோயே என மறுத்தார். 1935இல் 'லான்செற்' இதழில் அம்மையார் விடையளித்தார். அக்கட்டுரையின் தலைப்பாகவே கா மொழிச் சொல்லை அமைத்தார். ஐரோப்பியரின் பெயராலோ இலத்தீன் மொழியாலோ நோய்களுக்குப் பெயரிடுதல் மரபாயிருந்த காலத்தில், ஆபிரிக்கத் தாய்மாரின் சொல்லையே நோய்க்குப் பெயராகக் கொண்டமை சிறு செயலன்று.

எனினும், மேலதிகாரிகள் அவரைப் பாராட்டினாரல்லர். கருத்து வேறுபாடுகள் முற்றி, 1936இல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூர் வைத்தியக் கல்லூரியில் விரிவுரையாளராகவும் குழந்தைகளின் வைத்தியராகவும் பணி ஏற்றார். அங்கே அவர் கண்ட கேடு வேறு வகையினது. ஆபிரிக்காவிற் பால் கிடையாமையால் மூத்த பிள்ளை வாடியது. சிங்கப்பூரிலோ தாயின் மார்பிற் பால் இருக்கவும் கைக்குழந்தை வாடியது. பால் விற்கும் கம்பனிகள் தாதியர் போல வெள்ளுடை தரித்த பெண்களை வீடு வீடாக அனுப்பின. பேணியில் அடைத்த இனிப்பு ரின்பாலே தாய்ப்பாலிற் சிறந்தது என்று அவர்கள் போதித்தனர். ஏழைத் தாய்மார் அதனை நம்பினர். பேணியின் விலையோ உயர்ந்தது. ஆகவே பாலை நீர்த்துக் கொடுத்தனர். நீரோ அழுக்கு, போத்தலோ கழுவாதது. குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டது. பேணிப்பால் பழகிய சில நாட்களில் மார்பிற் பாலும் வற்றிவிடும். அதன்மேல் மீளுதல் எளிதன்று.

அக்கிராவிற் பால் மறந்த பிள்ளைகளுக்கு ரின்பாலையே மருந்தாகக் கொடுத்தவர் இவ்வம்மையார் என்பதை இங்கு நினைத்தல் வேண்டும். பொருள் ஒன்றே, ஓரிடத்தில் அது உயிர் தந்தது, மற்றோரிடத்தில் உயிர் கவர்ந்தது. எந்தப் பிள்ளைக்கு, எந்த வயதில், எந்த வீட்டில் என்று கேளாமல் எந்த உணவையும் நன்று என்றோ தீது என்றோ கூறலாகாது என்பதே இதனாற் பெறப்படும் பாடம். 1939ஆம் ஆண்டில் அவர் சிங்கப்பூர் றோட்டறிக் கழகத்திற் பேசினார். பேச்சின் தலைப்பு 'பாலும் கொலையும்' என்பது. குழந்தை உணவு பற்றிப் பொய்ப் பிரசாரஞ் செய்து அதனால் விளையும் மரணங்களைக் கொலையென்றே கொள்ள வேண்டும் என்று, வணிகரும் அதிகாரிகளும் நிறைந்த அந்த அவையிலே அவர் அஞ்சாது கூறினார். தாய்ப்பாலுக்கு ஈடாக விற்கப்படும் பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேசக் கோவையை உலக சுகாதாரப் பேரவை 1981ஆம் ஆண்டிலேதான் ஏற்றுக்கொண்டது. அப்பேச்சுக்கும் இக்கோவைக்குமிடையே நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன.

1941 டிசெம்பரில் யப்பானியர் மலாயாவில் இறங்கினர். அப்போது திரெங்கானுப் பகுதியிற் பணியாற்றிய அம்மையார் காடுகளைக் கடந்து சிங்கப்பூரை அடைந்தார். 1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூரும் வீழ்ந்தது. மலாயாவில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவும் பட்ட துன்பத்தின் காலம் அது. அக்கதைகளை இங்குள்ள முதியோர் வாய்க் கேட்டோர் பலர். சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்களுக்குத் தலைவியருள் ஒருவராக அம்மையார் தெரிவு செய்யப்பட்டார். 1943இல் யப்பானிய இராணுவப் பொலிசார் அவரைக் கொண்டுபோய்ச் சில மாதங்கள் கொடிய காவலில் வைத்தனர். வயிற்றுளைவும் பெரிபெரியும் அவரை வருத்தின.

அந்நிலையிலும் அவர் வைத்தியராகவே இருந்தார். சிறைமுகாமிற் பிறந்த குழந்தைகள் இருபது. பாற்பேணி அங்கே கிடையாது. இருபது குழந்தைகளுக்கும் தாய்மார் முலைப்பாலையே ஊட்டினர். தாய்மாரோ அரைவயிற்றுக்கும் உணவில்லாதவர்கள். இருந்தும் இருபது குழந்தைகளும் உயிரோடிருந்தன என்று அவர் பின்னர் எழுதினார். வசதிமிக்க சிங்கப்பூர் நகரிலே பேணிப்பால் உண்ட குழந்தைகள் மாண்டன. பசிமிக்க சிறையிலே முலைப்பால் உண்ட குழந்தைகள் பிழைத்தன. இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

போர் முடிந்தபின், 1948இல் உலக சுகாதார தாபனம் தொடங்கப்பட்டபோது தாய் சேய் நலப் பகுதியின் முதல் தலைவராக அவர் நியமிக்கப்பட்டார். பின்னர் புதுடில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்கிழக்காசியப் பிராந்தியத்திற் பணியாற்றினார். இலங்கையும் அப்பிராந்தியத்தைச் சேர்ந்ததே. அவர் எங்கும் வலியுறுத்திய கொள்கை ஒன்றுண்டு. நோய் தீர்த்தல் ஓரிடம், நோய் தடுத்தல் வேறோரிடம் என்று பிரித்தலாகாது; காய்ச்சலோடு வந்த பிள்ளையின் நிறையையும் நிறுக்க வேண்டும், தாயின் நிலையையும் வினவ வேண்டும், பின்னர் ஒருவர் அவ்வீட்டுக்கும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே அது. மருத்துவமாதர் வீடு வீடாகச் செல்லும் முறை 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பகுதியோடு நம் நாட்டில் வேரூன்றியது. ஆதலால் இக்கொள்கை நமக்கு அந்நியமானதன்று. நம் அநுபவமும் அதற்குச் சான்றாகும்.

இதற்கிடையிற் குவாசியோர்க்கரின் புகழ் பரவியது. புரொக், ஓற்றே என்னும் இரு வல்லுநர் ஆபிரிக்க நாடுகளிற் சுற்றி ஆராய்ந்து, போசாக்குக் குறை நோய்களுள் இதுவே மிகப் பரந்ததும் கொடியதும் ஆகும் என 1952இல் வெளியிட்டனர். உலகம் விழித்துக்கொண்டது. ஆனால் விழித்த உலகம் தாயின் சொல்லில் ஒரு பகுதியை மட்டுமே கேட்டது. நோய்க்குக் காரணம் புரதக் குறைவு என்று சுருக்கி, புரதத்தை எங்கிருந்து பெறலாம், எவ்வாறு மாவாக்கலாம், எப்படி அனுப்பலாம் என்பதிலேயே பெரும் பொருளையும் காலத்தையும் செலவிட்டது. தன் இடத்தை இழந்த பிள்ளை என்னும் கருத்து மறைந்து, புரதம் குறைந்த உடல் என்னும் கருத்தே எஞ்சியது. 1974இல் மக்லாரன் என்னும் வைத்தியர், இது பெரும் புரதத் தோல்வி என்று 'லான்செற்' இதழில் இடித்துரைக்க நேர்ந்தது. இந்நோய்க்குப் புரதக் குறைவு ஒன்றே காரணமன்று என்பதும், தொற்றுநோய்களும் குடலின் நிலையும் வேறு பலவும் அதிற் சேர்கின்றன என்பதும் இன்றைய ஆராய்ச்சியின் முடிபு.

இனி, அவர் பிறந்த தீவுக்கு வருவோம். 1951இல் யமேக்காவிலே அம்மையாரிடம் ஒரு கடினமான ஆராய்ச்சி ஒப்படைக்கப்பட்டது. அத்தீவிலே ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில், நவம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களில், வறிய உழவர் வீடுகளிலே 'வாந்தி நோய்' என்றொரு நோய் தோன்றும். முதல் நாள் ஓடி விளையாடிய பிள்ளை திடீரென வாந்தி எடுக்கும்; சிறிது தெளிந்தாற்போலக் கிடக்கும்; மறுபடி வாந்தி; பின் வலிப்பு, மயக்கம், மரணம். பல பிள்ளைகளுக்கு ஒரு நாட்பொழுதுள் எல்லாம் முடிந்துவிடும். ஒரே வீட்டிற் பல பிள்ளைகள் இறந்ததும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வைத்தியர் இதனைக் குறித்துள்ளனர். 1916ஆம் ஆண்டளவில் அங்கே அரசாங்க நுண்ணுயிரியலாளராயிருந்த ஸ்கொட் என்பார் 'அக்கீ' என்னும் பழத்தின் மீது ஐயங் கொண்டார். ஆயினும் ஐயம் ஐயமாகவே நின்றது. தீவு மக்கள் விரும்பி உண்ணும் பழம் நஞ்சாகும் என்பதை நம்புவோர் குறைவு.

அக்கீ யமேக்காவுக்கு உரிய மரமன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் மேற்காபிரிக்காவிலிருந்து, அடிமைகள் வந்த அதே கடல்வழியால் வந்தது. றம்புட்டான், லிச்சி என்பனவும் அதுவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பழம் முதிர்ந்தால் மரத்திலேயே தானாக வெடித்து விரியும். கரிய விதைகளின் அடியில் வெண்மஞ்சளான சதை தோன்றும். அச்சதையைச் சமைத்து உப்பிட்ட மீனோடு உண்பது இன்று அந்நாட்டின் தேசிய உணவு. தானாக விரியுமுன் பறித்த காயோ நஞ்சு. இதனை அறியாதார் அத்தீவில் இல்லை. பின்னர் ஏன் பிள்ளைகள் இறந்தன? வீட்டில் வேறு உணவு இல்லாதபோது காய் விரியும்வரை பசி காத்திராது என்பதே இதற்கு விடை.

1951 முதல் 1953 வரை அம்மையார் இந்நோயை ஆராய்ந்தார். அதே ஆண்டுகளில் மோனா என்னும் இடத்திலே, 1948இல் நிறுவப்பட்ட மேற்கிந்தியப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் ஆராய்ச்சி நடந்தது. 1954இல் ஜெலிஃப், ஸ்ருவர்ட் என்னும் வைத்தியர் இருவரும், இந்நோயுற்ற பிள்ளையின் குருதியிற் குளுக்கோசு மிகத் தாழ்ந்துவிடுகின்றது எனக் காட்டினர். அதே ஆண்டில் ஹாசல், ரெயில் முதலிய இரசாயன அறிஞர், அக்கீக் காயிலிருந்து குருதியின் வெல்லத்தை வீழ்த்தும் நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு 'ஹைப்போகிளைசின்' எனப் பெயரிட்டனர்.

இப்பொருள் செயற்படும் முறை பின்னர் தெளிவாயிற்று. உணவில்லாத வேளையில் நம் உடல் ஈரலிற் சேமித்த வெல்லத்தைச் செலவிடும். அது தீர்ந்தால் கொழுப்பை எரித்து, அவ்வலுவைக் கொண்டு புதிதாக வெல்லத்தை ஆக்கும். அக்கீ நஞ்சு கொழுப்பை எரிக்கும் இவ்வழியை அடைத்துவிடுகின்றது. வயிறார உண்ட பிள்ளையின் ஈரலிற் சேமிப்பு உண்டு. அது சிறிது நேரம் தாங்கும். பட்டினி கிடந்த மெலிந்த பிள்ளைக்கோ சேமிப்பும் இல்லை, புதிதாய் ஆக்கும் வழியும் இல்லை. ஆகவே மூளை வெல்லமின்றி வாடுகின்றது. இதனாலேதான் ஒரே பானையில் உண்ட வளர்ந்தவர் பிழைக்க, பசித்த பிள்ளை இறக்க நேர்ந்தது. நஞ்சு காயில் இருந்தது. அதற்கு வலுக்கொடுத்ததோ பசி. காலந் தாழ்த்தாது குளுக்கோசு ஏற்றினால் உயிர் மீளலாம் என்னும் அறிவும் இவ்வாராய்ச்சியாற் கிடைத்தது.

இவ்வறிவு யமேக்காவோடு நின்றுவிடவில்லை. இந்தியாவிலே பீகார் மாநிலத்தின் முசாபர்பூர்ப் பகுதியில், லிச்சி பழுக்கும் மே, யூன் மாதங்களில், ஆண்டுதோறும் பிள்ளைகள் வலிப்புற்று இறந்து வந்தனர். மூளைக் காய்ச்சல் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2014இல் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, லிச்சியிலும் அக்கீயில் உள்ள அதே இன நஞ்சு உண்டு என்பதையும், பழம் உண்டபின் இராவுணவு உண்ணாது உறங்கிய பிள்ளைகளையே நோய் மிகுதியாகப் பற்றியது என்பதையும் நிறுவியது. வைத்தியர் தாய்மாருக்குக் கூறிய முதல் அறிவுரை, பிள்ளையை வெறுவயிற்றோடு உறங்க விடாதீர்கள் என்பதே. அறுபது ஆண்டுகட்கு முன் ஒரு சிறு தீவின் ஏழைப் பிள்ளைகளின் மரணத்திற் கற்ற பாடம், வேறொரு கண்டத்து ஏழைப் பிள்ளைகளைக் காக்க வந்தது.

மோனாவில் வேறும் இரு பெரும் பணிகள் நடந்தன. 1954இல் வாட்டர்லோ என்னும் அறிஞர் அங்கே ஓர் ஆராய்ச்சிப் பகுதியை நிறுவினார். சவலையுற்றுச் சாகுந் தறுவாயில் வரும் பிள்ளைக்கு முதல் நாளிலேயே நிறைந்த உணவைப் புகட்டினால் அதுவே அதனைக் கொல்லக்கூடும்; வாடிய உடலின் உறுப்புக்கள் அச்சுமையைத் தாங்கா. ஆகவே முதலில் உடற்சூட்டையும் வெல்லத்தையும் காத்து, தொற்றுக்கு மருந்திட்டு, சிறிது சிறிதாகப் பன்முறை ஊட்டி, உடல் தேறிய பின்னரே நிறைய ஊட்ட வேண்டும் என்னும் ஒழுங்கு அங்கே நடந்த ஆராய்ச்சிகளால் வலுப்பெற்றது. உலக சுகாதார தாபனம் 1999இல் வெளியிட்ட சிகிச்சை நெறிகளில் இவ்வறிவு இடம்பெற்றது. விலையுயர்ந்த பொறி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. பாலும் சீனியும் எண்ணெயும், இரவிலும் விழித்திருந்து ஊட்டும் ஒருவருமே வேண்டும்.

இரண்டாவது பணி சாலி கிராந்தம்-மக்கிரகர் என்னும் வைத்திய அம்மையாருடையது. கிங்ஸ்ரன் நகரின் ஏழைப் பகுதிகளில் வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளை அவரும் அவர் குழுவினரும் 1980களிலே தெரிந்தெடுத்தனர். சில பிள்ளைகளுக்குப் பால்மா கொடுத்தனர். சிலருடைய வீட்டுக்குச் சுகாதார உதவியாளர் வாரந்தோறும் சென்று, பிள்ளையோடு பேசவும் விளையாடவும் தாய்க்குப் பயிற்றினர். சிலருக்கு இரண்டும் கிடைத்தன. சிலருக்கு எதுவும் இல்லை. விளையாட்டுப் பொருள்கள் வீட்டிற் கழித்த பொருள்களாற் செய்யப்பட்டவை. இரண்டாண்டுகளின் பின், உணவும் விளையாட்டும் தனித்தனியே பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்கு உதவின என்பதும், இரண்டும் பெற்றவரே மிக முன்னேறினர் என்பதும் 1991இல் வெளியாயின. இருபது ஆண்டுகள் கழித்து அவர்களையே மீண்டும் ஆராய்ந்தபோது, தாயோடு விளையாடப் பயின்ற பிள்ளைகளின் உழைப்பூதியம் அப்பயிற்சி பெறாதாரினும் நூற்றுக்கு 25 பங்கு மிகுந்திருந்தது எனக் கண்டனர். அம்முடிவு 2014இல் வெளிவந்தது. பால்மாவின் பயனோ அத்துணைக் காலம் நிலைக்கவில்லை.

இதன் கருத்து உணவு வேண்டாம் என்பதன்று. பசித்த பிள்ளைக்கு முதலில் வேண்டுவது உணவே. ஆனால் 'குவாசியோர்க்கர்' என்னுஞ் சொல்லிலும் 'சவலை' என்னுஞ் சொல்லிலும் உணவோடு மற்றொன்றும் அடங்கியுள்ளது. அது தாயின் மடியில் தனக்கிருந்த இடம். அவ்விடத்தை இழந்ததே அப்பிள்ளையின் நோய். புரதத்தை அளந்த அறிவியல் அரை நூற்றாண்டு சுற்றிவந்து, தாய்மார் முதலிற் கூறியதற்கே அளவுகோலோடு சான்று தேடித் தந்தது எனலாம்.

வில்லியம்ஸ் அம்மையாரை மிகைபடப் புகழ்தல் வரலாற்றுக்கு ஏற்றதன்று. அவர் குடியேற்ற அரசின் உத்தியோகத்தர். தோட்டக்காரர் குடும்பத்துப் பெண். அவர் சேவித்த அரசே அந்நாடுகளின் வறுமைக்குப் பெரிதும் பொறுப்பானது. குவாசியோர்க்கர் என்னுஞ் சொல்லை அவருக்குச் சொல்லிக் கொடுத்த தாதிமாரினதும் தாய்மாரினதும் பெயர்கள் வைத்திய நூல்களில் இல்லை. அவர் பெயரே உண்டு. எனினும், கேட்டவர் அவர். பெரிய பட்டங்களோடு அங்கே அவருக்கு முன்னிருந்தோர் அச்சொல்லைப் பொருட்படுத்தினாரல்லர். அவர் அதனை அறிவென மதித்தார். அதற்காக மறுக்கப்பட்டார், மாற்றப்பட்டார். பிற்காலத்தில் மதிக்கவும் பட்டார். 1965இல் பிரித்தானியக் குழந்தை வைத்தியர் சங்கத்தின் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதற் பெண் அவரே. 1992ஆம் ஆண்டு யூலை மாதத்தில், தொண்ணூற்றெட்டாம் வயதில், ஒக்ஸ்போர்டிற் காலமானார்.

இக்கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் வைத்தியத் துறைக்குச் செல்லும் மாணவர் பலர். அவர்கள் கற்கும் நூல்களில் இந்நோய் ஒரு பக்கத்துள் அடங்கிவிடும். வினாத்தாளில் அது நான்கு குறிகளைக் கேட்கும் ஒரு வினாவாகும். அவர்கள் ஒரு நாள் கிராமத்து வைத்தியசாலையொன்றில் அமர்ந்திருக்கையில், சோர்ந்த பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு ஒரு தாய் வருவாள்; வைத்திய மொழியில் அன்றித் தன் மொழியிலேயே பிள்ளையின் கதையைச் சொல்லத் தொடங்குவாள். வெளியே நூறு பேர் காத்திருப்பர். அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டல் வேண்டும். குழந்தை வைத்தியத்தின் முதற் கருவி அதுவே.